இருபத்தாறு பாதம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விடுதிக்குள் காலை வைத்ததுமே வலி போக்கும் ஸ்ப்ரே வாடையும் காயாத சாக்ஸ் வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். உள்ளே எண்பது பெண்கள். எண்பது பேருக்கும் உலகத்தில் வேறு பேச்சே கிடையாது. ஒருத்திக்குத் தொடை பிடித்துக்கொண்டிருக்கும், இன்னொருத்திக்குக் கணுக்கால் சுளுக்கியிருக்கும். பல் தேய்க்கும்போதே அந்த விசாரிப்பு ஆரம்பமாகிவிடும். பெற்ற தாய்க்கு ஜுரம் என்று ஃபோன் வந்தால் "மாத்திரை போடும்மா" என்று வைத்துவிடுவார்கள். சொந்த முட்டி லேசாகச் சத்தம் போட்டால் மூன்று டாக்டரைப் பார்ப்பார்கள். வகுப்புக்குப் போனால் கடைசி பெஞ்சில் காலை நீட்டிப் போட்டுத் தூங்குவார்கள். வாத்தியார் எழுப்பினால், "மீட் இருக்கு சார்" என்பார்கள். வருஷம் முழுக்க எங்கேயோ ஒரு மீட், ஒரு ஓட்டப் போட்டி, இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதெல்லாம் மூணுவின் அபிப்பிராயம். ரொம்பத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

மூணு என்பது அவளுக்குக் கோச் வைத்த பெயர். நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தில் அவள் மூன்றாவதாக ஓடுகிறவள். கோச்சுக்குப் பெயர்கள் நினைவில் நிற்காது; யார் எத்தனாவதாக ஓடுகிறாளோ அதையே சொல்லிக் கூப்பிடுவார், விடுதியும் அதையே பிடித்துக்கொண்டது. அவர் தன் வாலிபத்தில் ஏதோ ஒரு பெரிய போட்டியில் நாலாவதாக வந்தவர். அந்த நாலாவது இடத்தைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், முதல் மூன்று பேரும் களவாடித்தான் ஜெயித்தார்கள் என்று தோன்றும். கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது யாருக்கும் தெரியாது.

மூணு புள்ளியியல் இரண்டாம் வருஷம். ஒல்லி, நெட்டை, வாயைத் திறந்தால் வெடுக்கென்று ஒரு பதில். அவளுக்கு யாரைக் கண்டாலும் இளப்பம். குண்டு எறிகிற பெண்ணின் சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் இளப்பம், நீச்சல்காரிகளின் பச்சை படிந்த தலைமுடியைக் கண்டால் இளப்பம். தன் அணியில் முதலில் ஓடும் ஒண்ணு, துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் நெஞ்சைத் தொட்டு எதையோ முணுமுணுப்பாள். ரெண்டு எப்போது பார்த்தாலும் வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பாள். இவர்களை எல்லாம் ஒரு கை பார்த்த பிறகும் மிச்சமிருக்கும் இளப்பத்தை அவள் பத்திரமாக நாலுவுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள்.

நாலு கடைசியாக ஓடுகிறவள். கைதட்டல், கேமரா, கயிற்றை நெஞ்சால் தொடுவது எல்லாம் அவள் பங்கு. தனி நூறு மீட்டரிலும் அவளுக்கு மெடல்கள் உண்டு. காலையில் அவித்த முட்டையைப் படம் எடுப்பாள், அதைத் தின்றுவிட்டுக் காலித் தட்டையும் படம் எடுப்பாள். போனில் அதைப் பார்ப்பதற்கென்று ஆயிரக்கணக்கானவர்கள் எங்கெங்கோ வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வருகிறவர்களை எல்லாம் "கண்ணு" என்று கூப்பிடுவாள். ஓடி முடித்துவிட்டு அழுவாள், ஜெயித்தாலும் தோற்றாலும்.

மூணு ஓடுவது மைதானத்தின் வளைவில். அந்தப் பக்கம் உட்கார இடமே கிடையாது, அதனால் பார்க்க ஆளும் கிடையாது. தண்ணீர்க் குழாயைச் சுருட்டுகிற தோட்டக்காரர் வேண்டுமானால் நிமிர்ந்து பார்ப்பார். வளைவில் ஓடுவது நேர்ப்பாதையில் ஓடுவதைவிடக் கஷ்டம் என்று மூணு எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் நாலுவைப் பற்றி விசாரித்தார்கள். முதல் வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூணு, ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு மாற்றும் பேட்டன் கட்டையை நழுவவிட்டுக் கீழே போட்டிருக்கிறாள். அதை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அவளுக்கு ஓட்டத்தின் மேல் அப்படி ஒன்றும் காதல் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது விடுதியின் இரண்டாம் மாடியில் ஜன்னலோரமாக இருந்த ஒரு கட்டில். வீடு மூன்று மணி நேர பஸ் தூரம். அங்கே ஒன்றரை அறையில் அம்மாவும் மாமா குடும்பமும் சேர்ந்து ஆறு பேர். அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் காலர் தைக்கிறாள். காலர் மட்டும்தான், ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே இல்லை. மகளின் ஓட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். "ஓடி ஓடி எங்கடி போற?"

விடுதியில் ஒரு சட்டம் இருந்தது. வருஷக் கடைசியில் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான மீட்டில் முதல் மூன்று இடத்துக்குள் வராதவர்கள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். கட்டில் போனால் சாப்பாடும் போகும், படிப்புச் சலுகையும் போகும். நாலுவுக்குத் தனி ஓட்டம் இருந்தது. ஒண்ணு தடை ஓட்டமும் ஓடுவாள், ரெண்டுவுக்கு நீளம் தாண்டுதல் இருந்தது. மூணுவுக்கு இந்தத் தொடர் ஓட்டத்தை விட்டால் வேறு கதி இல்லை. தோற்றால் மூன்றாம் வருஷம் கிடையாது, அம்மாவுக்குப் பக்கத்து மிஷின்தான். அம்மா ஏற்கெனவே சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

தொடர் ஓட்டத்தில் வேகம் பாதி, கணக்குப் பாதி. பேட்டனை வாங்குகிறவள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கொடுப்பவள் வந்து சேர்வதற்குள் தானும் முழு வேகம் எடுத்திருக்க வேண்டும். அதனால் தான் நிற்கும் இடத்திலிருந்து பின்பக்கமாக, குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்துப் பாதத்தால் அளந்து, தரையில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி வைப்பாள். வருகிறவளின் கால் அந்த டேப்பைத் தொட்டதும் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட ஆரம்பிப்பாள். பிறகு கையைப் பின்னால் நீட்டுவதோடு சரி, திரும்புவது கிடையாது. தரையில் ஒரு எல்லைக்கோடு இருக்கும். பேட்டன் அதைத் தாண்டுவதற்குள் கை மாற வேண்டும். தாண்டி மாறினால் அணியே போட்டியிலிருந்து அவுட்.

மூணுவிடமிருந்து வாங்க நாலுவின் கணக்கு இருபத்தாறு பாதம். எட்டு மாதம் அதிகாலை ஐந்தரை மணிக்கு ஓடி ஓடிக் கண்டுபிடித்த எண் அது. இருபத்தேழு வைத்துப் பார்த்தார்கள்; நாலு அவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிட, விரல்நுனிதான் எட்டியது. இருபத்தெட்டில் தொடவே முடியவில்லை. அன்றைக்கு மூச்சிரைக்க நின்ற மூணுவிடம் நாலு, "நீ இன்னும் கொஞ்சம் வேகமா வரணும் கண்ணு" என்றாள். அன்றிரவு மூணு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருவரின் நேரத்தையும் எழுதிக் கழித்துப் பார்த்தாள். வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதிலும் வளைவுக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்தால் தானே வேகமானவள் என்று முடிவு கட்டிவிட்டுத் தூங்கினாள்.

மீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒருவர் நாலுவுக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பி வைத்தார். கண்ணைக் கூசவைக்கும் பச்சை, அடிப்பாகம் செங்கல் கனம். போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போனில் போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நாலு அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள், துணி துவைக்கப் போனாள், குளியலறை வரைக்கும்கூடப் போனாள். ஓடுவதற்கு மட்டும் அடியில் முள் பதித்த பழைய ஆணி ஷூ.

இறுதி ஓட்டத்தன்று எட்டு அணிகளையும் நேர்ப்பாதை ஆரம்பிக்கும் மூலையிலிருந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். நாலாவது ஆட்களின் இடம் வாசலுக்குப் பக்கத்திலேயே. மூன்றாவது ஆட்கள் அவர்களைக் கடந்து வளைவைச் சுற்றிப் போக வேண்டும். குறி வைக்க இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். மூணு கடந்து போகும்போது நாலு அளந்துகொண்டிருந்தாள். ஆணி ஷூ கையில் இருந்தது. காலில் பச்சை ஷூ.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு..."

மூணுவின் கால் தானாக நின்றது. ஆணி ஷூ காலோடு ஒட்டிக் கிடப்பது. இந்தப் பச்சை ஷூ முன்னாலும் பின்னாலும் துருத்திக்கொண்டு மூன்று சென்டிமீட்டராவது நீளம். மூணுவுக்குப் பெருக்கப் பென்சில் வேண்டாம். இருபத்தாறு தரம் மூன்று, எழுபத்தெட்டு. கிட்டத்தட்ட மூன்று பாதம். இருபத்தாறு என்று எண்ணி நாலு ஒட்டப்போவது இருபத்தொன்பதாவது பாதத்தில்.

ஒரு வார்த்தை போதும். 'ஷூ' என்று சொன்னால் போதும், நாலுவுக்கே புரிந்துவிடும். ஒரு நிமிஷம் மிச்சமிருந்தது. மூணு வாயைத் திறந்தும்விட்டாள். அந்த நேரம் பார்த்து நாலு நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"கட்டையைக் கீழ போட்டுடாத கண்ணு. பத்திரமா கொண்டாந்து குடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மூணுவின் வாய் மூடிக்கொண்டது.

மிச்சத்தை இவள் பார்த்துக்கொள்வாளாம். முட்டையைப் படம் எடுக்கிற இவள். சரி, பார்த்துக்கொள்ளட்டும். வளைவை நோக்கி நடக்கும்போது மூணுவுக்குள் வேறு ஒன்றும் எழும்பியது. எழுபத்தெட்டு சென்டிமீட்டர்தானே? பிராக்டிஸில் முடியாதது போட்டியில் முடியும். சீக்கிரமாகவே கிளம்பட்டும், முழு வேகத்தில் ஓடட்டும்; துரத்திப் போய்ப் பிடித்து அவள் உள்ளங்கையில் அறைந்து கொடுக்கிறேன், யார் வேகம் என்று அப்போது தெரியும். புள்ளியியல் படிக்கிற பெண்ணுக்கு வந்த யோசனை இது. எட்டு மாதக் கணக்கு நோட்டில் இருக்கிறது, இருபத்தெட்டுக்கே எட்டவில்லை என்று அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. இளப்பம் தலைக்கேறினால் கூட்டல் கழித்தல் எல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

துப்பாக்கி வெடித்தது. ஏற்கெனவே முணுமுணுத்து முடித்திருந்த ஒண்ணு ஓடினாள், ரெண்டு அதிசயமாக வாழைப்பழம் இல்லாத கையால் பேட்டனைச் சுத்தமாகக் கொடுத்தாள். மூணு அதை வாங்கியபோது அவர்கள் மூன்றாவது இடத்தில் இருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: அன்றைக்கு அவள் ஓடியது போல அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடப்போவதில்லை. வளைவு முடிவதற்குள் ஒருத்தியைத் தாண்டிவிட்டாள். தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்.

அவள் கால் டேப்பில் பட்டது. நாலு திரும்பினாள், கிளம்பினாள்.

"இந்தா!"

கை பின்னால் நீண்டது. மூணுவின் பேட்டனுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு முழம். பிறகு அரை முழம். பிறகு அந்த அரை முழம் அரை முழமாகவே இருந்தது. அப்போதுதான் மூணுவுக்குத் தெரிந்தது, நாலு உண்மையிலேயே வேகமானவள் என்று. இவ்வளவு நாளும் ஊர் முழுக்கச் சொன்னதை நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் ஒருத்திதான் நம்பாமல் இருந்திருக்கிறாள். எல்லைக்கோடு காலுக்கடியில் போனது. அதற்கு இரண்டு எட்டு தள்ளித்தான் பேட்டன் கை மாறியது. ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

நாலு அதைப் பார்க்கவில்லை. இரண்டாவதாக ஓடி முடித்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, யாரையோ கட்டிப்பிடித்து, கேமராவைப் பார்த்து அழுதாள். பலகையில் அவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே கோடு விழுந்த பிறகு, அதே அழுகையை நிறுத்தாமல் வேறு காரணத்துக்காகத் தொடர்ந்தாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு தேற்றினார்கள். மூணு வளைவுப் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வந்தவர் கோச் ஒருவர்தான்.

"கடைசில உனக்கு மூச்சு போயிடுச்சு. நான் பாத்தேன். எட்டு மாசம் கத்துக்குடுத்து, கடைசி பத்து மீட்டர்ல உனக்கு கால் வரல."

மூணு நிமிர்ந்தாள். 'எனக்கு மூச்சுப் போகல, அவ தப்பா அளந்தா' என்று சொல்லலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று நாளில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். காலி செய்ய வேண்டியவர்கள் பதினொரு பேர், அதில் மூணு ஆறாவது. அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். அம்மா திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வா, பரவால்ல. மிஷின் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. உக்காந்து செய்யற வேலைதான், காலுக்கு நல்லது."

மூணு பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தபோது நாலு வந்தாள். ஒரு கையில் பச்சை ஷூ, ஒரு கையில் ஆணி ஷூ. கட்டிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க பாரு. இத போட்டுக்கிட்டு அளந்துட்டேன்டி. நேத்து பெட்டில எடுத்து வைக்கறப்பதான் கவனிச்சேன். ஸ்கேல் வச்சு பாத்தேன், கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன். எழுபத்தெட்டு வருது. அவ்ளோ தூரம் நீ எப்படிடி புடிப்ப? யாரால முடியும்?"

இவளுக்கு மூன்று நாளும் ஒரு கால்குலேட்டரும் தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் மூணுவுக்கு முதலில் தோன்றியது. அந்த நிமிஷத்திலும் அதுதான் தோன்றியது. அவளைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல?

"உன்மேல பழி வந்துடுச்சு. நான் வார்டன் மேடத்துகிட்ட சொல்லிட்டேன். சார்கிட்டயும் சொல்லிட்டேன். வா, கூப்பிடறாங்க." கதவருகே போய் நாலு திரும்பினாள். "நீயாவது கவனிச்சிருந்தா சொல்லியிருப்ப. என் நேரம், நீயும் கவனிக்காம அந்தப் பக்கம் போயிட்ட."

மூணு ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "ம்" என்றாள்.

வார்டன் அறையில் நாலு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். எழுத்துப் பிழைகளுக்கு நடுவே விஷயம் தெளிவாகத்தான் இருந்தது: தப்பு முழுக்கத் தன்னுடையது, மூணுவைக் காலி செய்யச் சொல்வது அநியாயம். ஒரு கைத்தொலைவில் அந்த வெள்ளைத் தாளைப் பிடித்து வார்டன் படித்தார். கண்ணாடியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டவர். கோச் ஜன்னல் பக்கம் நின்று ஸ்டாப்வாட்சைத் தட்டித் தட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"கமிட்டில சொல்லி உன் பேரை எடுத்துடலாம்" என்றார் வார்டன். "ஆனா ஒண்ணு கேப்பாங்க. இது உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ அப்பவே சொல்லியிருக்கணும். அதனால நீயும் ஒரு வரி எழுதிக் குடும்மா, அவ வேற ஷூவுல அளந்தது உனக்குத் தெரியாதுன்னு. அது போதும்."

"இவளுக்கு என்ன மேடம் ஆகும்?" என்று நாலுவைக் காட்டிக் கேட்டாள் மூணு. அந்த அறையில் அவள் பேசிய நேர்மையான பேச்சு அது ஒன்றுதான்.

"அடுத்த வருஷம் மொத மூணு மீட்டு ஓட விடமாட்டாங்க. கவனக்குறைவுக்கு."

"பரவால்ல கண்ணு, எழுது" என்றாள் நாலு.

மூணு பேனாவை எடுத்தாள். ஜன்னலோரக் கட்டில், மூன்றாம் வருஷப் படிப்பு, அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த காலி மிஷின் எல்லாம் அந்தப் பேனா முனையில் வந்து நின்றன. அவள் இளப்பமாகப் பார்த்த அத்தனை பேரும், நெஞ்சைத் தொட்டு முணுமுணுக்கிறவளும் வாழைப்பழக்காரியும் முட்டையைப் படம் எடுப்பவளும், அந்த இடத்தில் நிஜத்தைச் சொல்லியிருப்பார்களா என்று யோசித்தாள். நாலு சொல்லிவிட்டாள், பக்கத்தில்தான் நிற்கிறாள். மூணு ஒரே வரியில், பிழை இல்லாமல், அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். 'மேற்படி விஷயம் எனக்குத் தெரியாது.'

கட்டில் தங்கியது. அம்மா காலி மிஷினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டாள். புது வருஷத்தில் அந்த மூன்று மீட்டுகளையும் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் நாலு பார்த்தாள். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள், அதையும் படம் எடுத்தாள். கடைக்காரர் அடுத்த ஷூவை வேறு ஒருத்திக்கு அனுப்பினார்.

நாலாவது மீட்டுக்கு முந்தைய வாரம் நாலு மைதானத்துக்குத் திரும்பினாள். அதிகாலை ஐந்தரை. ஆணி ஷூவை மாட்டி, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி இருபத்தாறு பாதம் அளந்து முடித்தவள், டேப்பை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு மூணுவைக் கூப்பிட்டாள்.

"இனிமே நீ பாத்து சொல்லாம நான் ஒட்டமாட்டேன்டி. எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல. உன் கண்ணு கரெக்டா இருக்கும். சரியா இருக்கா பாரு."

மூணு வந்து பார்த்தாள். தரையைப் பார்த்தாள், நாலுவின் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கோச் தூரத்திலிருந்து, "அங்க என்ன கதை?" என்று கத்தினார்.

"சரியா இருக்கு" என்றாள் மூணு.

நாலு மறுபடி அளந்து பார்க்கவில்லை. டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.